சம்பந்தி ஜோடி

அறுபது தாண்டிய பெண்களுக்கான ஷட்டில் கோப்பையில் சம்பந்திகள் ஜோடி என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஒருத்தி பையனைப் பெற்றவள், இன்னொருத்தி அவனுக்குப் பெண்ணைக் கொடுத்தவள். சம்பந்திகள் ஒரு வேளை சேர்ந்து சாப்பிட்டு எழுவதற்குள் நாலு மனஸ்தாபம் வந்துவிடும். இவர்களோ ஆளுக்கொரு பேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரே பக்கம் நின்றார்கள். வந்திருந்த கூட்டத்தில் பாதிப் பேர் ஆட்டம் பார்க்க வந்தவர்கள், மீதிப் பேர் சண்டை பார்க்க வந்தவர்கள்.

பையனைப் பெற்றவளை எல்லோரும் மில்லம்மா என்பார்கள். வாலிபம் முழுக்க நூல் மில்லிலேயே போனது. மற்றவள் நர்ஸம்மா. ஒரே முறைப்பில் ஒரு வார்டையே அடக்கி வைத்திருந்தவள். ஆட்டத்தில் மில்லம்மா முன்னால் நெட்டை ஒட்டி நிற்பாள், நர்ஸம்மா பின்னால். பின்னால் நிற்கிறவளுக்குத்தான் எது கோட்டைத் தாண்டும் என்று தெரியும். அதனால் வெளியே போகிற ஷட்டிலுக்கு "விடுங்க" என்று குரல் கொடுப்பது நர்ஸம்மா வேலை, கேட்டுவிட்டுக் கையை இறக்குவது மில்லம்மா வேலை.

அவள் எங்கே இறக்கினாள்? அரையிறுதியில் தலைக்கு மேலே போனதையெல்லாம் எம்பி எம்பி அடித்தாள். சும்மா விட்டிருந்தால் தானாக வெளியே விழுந்திருக்கும். நர்ஸம்மா மட்டும் என்ன ஒழுங்கா? இடது மூலைக்கு வந்த ஷட்டில் ஒன்றைக்கூட அவள் தொடவில்லை. அது யார் வீட்டு ஷட்டிலோ என்று நின்றாள். கடைசிப் புள்ளியை எதிராளி நெட்டிலேயே அடித்துத் தொலைத்ததால் பிழைத்தார்கள். அடுத்த மாதம் இறுதி ஆட்டம். போன வருஷம் இவர்களை உரித்துத் தொங்கவிட்ட அக்கா தங்கை ஜோடிதான் இந்த வருஷமும் எதிரே. இந்த லட்சணத்தில் ஆடினால் மறுபடி மானம் போகும்.

உடை மாற்றும் அறையில் மில்லம்மா குழாயைத் திறந்து முகம் கழுவினாள். உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. கோப்பை போனால் போகட்டும், இந்த அம்மாள் தன்னை ஒரு மனுஷியாகவே மதிக்கவில்லையே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பேத்தி பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் சம்பந்தி கையைப் பிடிக்க ஆசை ஆசையாகக் கையை நீட்டினாள். நர்ஸம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள். சேர்ந்து ஆட ஆரம்பித்த நாளிலிருந்து வாயைத் திறந்து ஒரு "நல்ல அடி" சொன்னதில்லை. மில்லில் வேலை பார்த்தவள்தானே என்ற இளக்காரம், வேறென்ன?

நிமிர்ந்தாள். எதிரே இருந்த கண்ணாடியில் நர்ஸம்மா தெரிந்தாள். இவள் முதுகுக்குப் பின்னால் நின்று பேசிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. உதட்டைப் படிப்பது மில்லம்மாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மில் மெஷின்கள் போடுகிற கூச்சலில் காதை நம்பி யார் பேசினார்கள்? அங்கே வேலை பார்த்த பெண்கள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உதட்டாலேயே ஊர் வம்பு பூராவும் பேசி முடித்துவிடுவார்கள்.

"விடுங்க, விடுங்கன்னு எத்தனை தடவை சொல்றேன். ஒரு தடவையாவது காதுல வாங்கினீங்களா?" என்றது கண்ணாடியில் தெரிந்த உதடு.

பதிலுக்குச் சூடாக ஒன்று கொடுக்க வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நர்ஸம்மாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மூலையில் தலை வாரிக்கொண்டிருந்த பெண் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அப்படியானால் இந்த அம்மாள் மெல்லப் பேசவில்லை, தொண்டை கிழியக் கத்துகிறாள். மில்லம்மாவுக்குக் கேட்டதென்னவோ தண்ணீர் இரைச்சலும், அதற்கு நடுவே ஏதோ ஒரு முனகலும்தான்.

முகம் பார்த்துப் பேசினால் ஒரு வார்த்தை தவறாது அவளுக்கு. அந்தத் தெம்பில்தான், மகன் வாங்கித் தந்த காது மெஷினை "எனக்கென்ன கேடு" என்று அலமாரிக்குள் தள்ளிவிட்டு, மெஷின் இருந்த டப்பாவிலேயே ஊக்கையும் போட்டு வைத்திருந்தாள். இத்தனை வருஷமும் காதால் கேட்டதாக நினைத்ததையெல்லாம் அவள் கண்ணால்தான் கேட்டிருக்கிறாள். பின்னால் நிற்கிறவளின் உதட்டை எந்தக் கண்ணால் பார்ப்பது?

குழாயை மூடினாள். கத்திக் களைத்த நர்ஸம்மா பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல் மில்லம்மா அவள் இடது பக்கம் போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நர்ஸம்மா கண்டுகொள்ளவே இல்லை. பார்த்தாயா கொழுப்பை என்று மில்லம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. அதற்குள் நர்ஸம்மா சட்டென்று திரும்பி, பாட்டிலிலேயே மூக்கை இடித்துக்கொண்டாள். இரண்டு பேர் மேலும் தண்ணீர் கொட்டியது.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"இவ்வளவு நேரமா உங்க கன்னத்துக்குப் பக்கத்துலதான் இருக்கு சம்பந்தி."

நர்ஸம்மாவின் முகம் வெளுத்தது. இடது மூலையில் விழுந்த ஷட்டில்கள் ஒவ்வொன்றாக மில்லம்மாவின் நினைவுக்கு வந்தன. அன்றைக்கு அந்த வராந்தாவில் தான் நின்றிருந்ததும் நர்ஸம்மாவுக்கு இடது பக்கம்தான்.

"கண்ணை டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

நர்ஸம்மா தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னாள்.

"நிமிந்து சொல்லுங்க. எனக்குக் கேக்கல," என்றாள் மில்லம்மா. அந்த வார்த்தையை அவள் அதுவரை பெற்ற மகனிடம்கூடச் சொன்னதில்லை.

நர்ஸம்மா நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "எங்கப்பாவுக்கு இப்படித்தான் ஓரத்துல ஆரம்பிச்சுது. கடைசில என் முகமே தெரியாமப் போச்சு அவருக்கு. எனக்கும் அதேதான்னு ஒரு டாக்டர் வாயால கேக்கறதுக்குப் பயமா இருந்துச்சு."

"வார்டுல இருந்தவங்களையெல்லாம் விரட்டி விரட்டிக் கண்ணைக் காட்ட வச்சவங்க நீங்க. நாளைக்கே போறோம்."

"நீங்க காதுல மெஷின் மாட்டுங்க, நான் வர்றேன்."

"இதுலயும் பேரமா?"

"பொண்ணு குடுக்கறப்ப பேசாம விட்டுட்டேன். இப்பப் பேசுறேன்," என்றாள் நர்ஸம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

போனார்கள். கண் டாக்டர் ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். இடது ஓரத்தில் வந்த புள்ளிகளுக்கு நர்ஸம்மாவின் விரல் அசையவே இல்லை. "கண்ணுக்குள்ள அழுத்தம் கூடியிருக்கு. போன பார்வை போனதுதான், திரும்பாதும்மா. ஆனா சொட்டு மருந்தை ஒரு நாள் விடாமப் போட்டு, சொன்ன தேதிக்கு வந்து காட்டினா, இருக்கறதைக் காப்பாத்தலாம். இன்னும் தள்ளிப் போட்டிருந்தீங்கன்னா..." என்று நிறுத்தினார். நர்ஸம்மா வெளியே வந்து மில்லம்மாவின் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். காப்பாற்றலாம் என்ற ஒரு சொல்லுக்காக அழுதாள்.

காது பார்க்கிற அம்மாள், மில் சத்தம் தின்ற காது திரும்பி வராது என்றாள். மிச்சத்துக்கு மெஷின், அத்தோடு வீட்டு டிவியை அலறவிடக் கூடாது என்று கண்டிப்பு. மில்லம்மா ஊக்கையெல்லாம் கொட்டிவிட்டு மெஷினை எடுத்து மாட்டினாள். அம்மாடி, என்ன சத்தம் இந்த உலகத்தில். தன் செருப்புச் சத்தம் தனக்கே கேட்டது. மருமகள் அடுப்படியில் தனக்குள் முணுமுணுப்பது வரைக்கும் கேட்டது. அது தனிக் கதை.

இறுதி ஆட்டத்தன்று கூட்டம் அள்ளியது. இருவரும் நிற்கிற இடத்தைக் கொஞ்சம் மாற்றியிருந்தார்கள். மில்லம்மா முன்னால்தான், ஆனால் இடது பக்கம் தள்ளி. இடது மூலைக்கு ஷட்டில் போனால் விழுந்தடித்துப் பின்னால் ஓட வேண்டியவள் அவளே. அக்கா தங்கைக்கு விஷயம் தெரியாதா? போன தடவை கண்டுபிடித்த ஓட்டை அது. எடுத்த எடுப்பில் இடது மூலைக்கே அடித்தார்கள். அங்கே மில்லம்மா மூச்சிரைக்க வந்து நின்றதைப் பார்த்து அக்கா தங்கையை முறைத்தாள், தங்கை அக்காவை முறைத்தாள்.

முதல் செட் இவர்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவதில் மில்லம்மா நெட்டுக்கு மேலே ஷட்டிலைப் பூப்போல ஒரு தட்டுத் தட்டினாள். அது அந்தப் பக்கம் சொத்தென்று விழுந்தது.

"நல்ல அடி சம்பந்தி."

மில்லம்மா திரும்பிப் பார்த்தாள். நர்ஸம்மா சாதாரணமாக பேட்டைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

"என்ன சொன்னீங்க?"

"நல்ல அடின்னேன்."

"எப்பலேருந்து இப்படிச் சொல்றீங்க?"

"இதென்ன கேள்வி? சேந்து ஆட ஆரம்பிச்ச நாள்லேருந்து சொல்றேன். நீங்கதான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டீங்க. மாப்பிள்ளையைப் பெத்த திமிருன்னு நெனச்சிக்குவேன்."

மில்லம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். எத்தனை "நல்ல அடி" அவள் முதுகில் பட்டுக் கீழே விழுந்து கிடந்ததோ. அடுத்த ஷட்டில் அவள் காதோரமாகப் போய் விழுந்தது, கை தூக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. கூட்டம் தலையிலடித்துக்கொண்டது. "அப்புறம் அழுதுக்கலாம், ஆடுங்க," என்றாள் நர்ஸம்மா. அதுவும் தெளிவாகக் கேட்டது.

அதற்கப்புறம் ஆடினாள் பாருங்கள், அது ஆட்டம். எட்டிப் பிடித்தார்கள், பின்தங்கினார்கள், மறுபடி எட்டிப் பிடித்தார்கள், தாண்டினார்கள். ஜெயிக்க இன்னும் ஒரே புள்ளி. அக்காக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி ஒன்று விட்டாள். ஷட்டில் மில்லம்மாவின் தலைக்கு மேல் சீறி வந்தது. அடித்தே பழகிய கை தானாக மேலே போனது.

"விடுங்க!"

கை நின்றது. எதுவும் தெரியாமல், பின்னால் வந்த குரலை மட்டும் நம்பி, மில்லம்மா பேட்டை இறக்கினாள். முதுகுக்குப் பின்னால் ஷட்டில் தரையில் டொக்கென்று விழுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. கோட்டுக்கு வெளியே, விரற்கடை தூரம். அம்பயர் "அவுட்" என்று கையை விரித்தார், கூட்டம் எழுந்து கத்தியது, அந்தக் கத்தல் காதைத் துளைத்தது, துளைக்கட்டும் என்று நின்றாள்.

ஓடிப் போனாள். சம்பந்தியின் இடது பக்கம் போய்க் கையை நீட்டினாள். நர்ஸம்மா வேறெங்கோ பார்த்து அவளைத் தேடிக்கொண்டிருந்தாள். மில்லம்மா சுற்றிக்கொண்டு அவள் முகத்துக்கு நேரே வந்து நின்று மறுபடி நீட்டினாள். நர்ஸம்மா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.