பிறந்த வீட்டுக் கோடி

பேருந்து நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள்ளாகவே காத்தமுத்து எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பூவம் சுங்கச்சாவடியில நிறுத்துப்பா."

"எந்தச் சாவடிங்க?" என்றார் நடத்துனர்.

"பிரெஞ்சுக்காரன் சாவடி. குறுக்கால கட்டை போட்டிருக்குமே."

நடத்துனர் குனிந்து வெளியே பார்த்தார், தனக்குத் தெரியாமல் யாராவது கட்டிவிட்டார்களோ என்பதுபோல. "அதெல்லாம் எந்தக் காலத்துலயோ போயிடுச்சுங்க. எங்க எறங்கணும்னு சரியாச் சொல்லுங்க."

சரியாகத்தான் சொல்லியிருந்தார். இடப்பக்கம் சாவடி, அதை ஒட்டிப் புளியமரம், மரத்துக்கு எதிரே தங்கை வீட்டுக்குப் போகும் வண்டிப்பாதை. பட்டாள லீவு முடிந்து சைகோனுக்குத் திரும்பியபோதும், பிறகு அல்ஜீரியாவில் மணலைத் தின்றபோதும் கண்ணை மூடினால் இந்த வரிசைதான் வரும். இருபத்தாறு வருடத்தில் அது ஒரு கல்கூட இடம் மாறவில்லை. ஊர்தான் மாறித் தொலைத்திருக்கிறது.

இறக்கிவிட்ட இடத்தில் ஒரு சாராயக்கடை இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கு என்பதால் உச்சி வெயிலிலும் கூட்டம். அங்கே நின்ற ஒருவனிடம், "சுப்ராயன் வீடு எது?" என்று கேட்டார்.

"குஞ்சம்மா வூடுங்களா? மேளம் கேக்குது பாருங்க, அந்தச் சத்தத்தப் புடிச்சுக்கிட்டே போங்க."

குஞ்சம்மா வீடாம். தங்கை புருஷன் சுப்ராயன் பேரைச் சொன்னால் தெரியாதாம். பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

பையில் இரண்டு துணிகள் இருந்தன. விடிந்ததும் தந்தி வந்தது, தங்கை குஞ்சம்மா காலமாகிவிட்டாள் என்று. புதுச்சேரியில் கடை திறக்கும்வரை வாசலில் நின்று வாங்கினார். ஒன்று சிவப்புப் பட்டுப் புடவை. கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டார் கோடித் துணி கொண்டுவந்து போர்த்த வேண்டும், அதன் பிறகுதான் பாடை எழும்பும். பிறந்த வீடு என்று இப்போது மிஞ்சியிருப்பது அவர் ஒருவர்தான். இன்னொன்று எட்டு முழ வேட்டி. பெண்டாட்டியை இழந்தவனுக்கு மைத்துனன் கொடுக்க வேண்டிய கோடி அது. உண்மையில் அந்த வேட்டிக்காகத்தான் இவ்வளவு வேகமாக நடந்தார்.

ஐம்பத்துநாலில் லீவில் வந்திருந்தார். வெள்ளைக்காரன் வெளியேற வேண்டும் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. அவரோ பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய், சொல்தா. உடுப்பும் தொப்பியுமாகச் சாவடியைக் கடக்கும்போது கொடி பிடித்த கும்பல் ஒன்று எதிரே வந்தது. முன்னால் வந்தவன் மச்சான் சுப்ராயன். நேரே வந்தான், தொப்பியைப் பிடுங்கினான், சாக்கடையில் எறிந்தான். கூட்டம் சிரித்தது. நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஓரமாக நின்ற குஞ்சம்மா வாயைத் திறக்கவில்லை. அன்றோடு இந்த வாசலை மிதிப்பதில்லை என்று விட்டவர், நாலு வருடத்துக்கு முன் பென்ஷனோடு புதுச்சேரியில் வந்து குடியேறிய பிறகும் எட்டிப் பார்க்கவில்லை.

ஆனால் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தார். சவரம் செய்யும்போது கண்ணாடியில் சொல்லிப் பார்ப்பார். "உன் கையால என் தொப்பியப் பிடுங்கின. என் கையால இத வாங்கிக்க." எதை வாங்கிக்கொள்ளச் சொல்வது என்பதுதான் தெரியாமல் இருந்தது. இப்போது வேட்டி கிடைத்துவிட்டது. முறைப்படி அவன் குனிந்து வாங்கித்தான் ஆக வேண்டும். தங்கை செத்த துக்கத்துக்கு நடுவே இது வேறு சந்தோஷமாக இருந்தது. அதற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

"பொறந்த வூட்டுலேர்ந்து வந்துட்டாங்க!" என்று யாரோ குரல் கொடுத்ததும் ஒப்பாரி ஒருமுறை ஏறி இறங்கியது. நரை கலந்த தலையோடு ஒருத்தி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மாமா, நான் லோகாம்பா. இப்பத்தான் வரணும்னு தோணுச்சா?"

பட்டாளத்தில் சேருமுன் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்ட தங்கை மகளுக்கு நரையா? அவளை விலக்கிவிட்டுப் பந்தலுக்குள் தேடினார். மூலையில் பெஞ்சில் அதே நீள மூக்கு, அதே தூக்கிய தோள். காத்தமுத்து முதுகை நிமிர்த்திக்கொண்டு எதிரில் போய் நின்றார்.

"சுப்ராயா! உன் கையால..."

அந்த ஆள் பதறி எழுந்தார். "மச்சான், நான் நடராசனுங்க. தம்பி. அண்ணன் தவறி மூணு வருசமாச்சே?"

வாக்கியத்தின் பாதி வாயிலேயே நின்றுவிட்டது. காத்தமுத்து திரும்பி முதன்முறையாகத் தங்கையைப் பார்த்தார். குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் திருநீறு மட்டும். சுருங்கிய, சின்ன முகம். இவளை வழியில் பார்த்திருந்தால் ஒதுங்கிப் போயிருப்பார்.

அதற்குள் நடராசன் மனைவி காசியம்மா பையை வாங்கிப் புடவையை வெளியே எடுத்துவிட்டாள். சிவப்பைக் கண்டதும் பெண்கள் அழுகையை நிறுத்தினார்கள்.

"அய்யய்யோ, இத எப்புடிப் போத்துறது?" என்றாள் காசியம்மா. "தாலி எறக்குன பொம்பளைக்கு வெள்ளையில்ல கொண்டாரணும்?"

"எனக்கு எவன் சொன்னான்?" காத்தமுத்து கத்தினார். கத்துவதற்கு ஒரு காரணம் கிடைத்தது ஆறுதலாக இருந்தது. "மச்சான் செத்தா மைத்துனனுக்கு ஆள் அனுப்ப மாட்டீங்களா? இதென்ன குடும்பமா, என்ன இது?"

நடராசன் நிதானமாகச் சொன்னார். "நானே வந்தேனுங்க. உங்க வூட்டு கேட்டுகிட்ட நின்னேன். பூவம்னுதான் சொன்னேன், நாயை அவுத்து வுட்டீங்க." வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். கெண்டைக்காலில் தழும்பு இருந்தது.

அந்த நாள் காத்தமுத்துவுக்கு நன்றாகவே நினைவிருந்தது. பென்ஷன்காரர்களிடம் எத்தனை தடவை சொல்லிச் சிரித்த கதை! சுப்ராயன் சோத்துக்கு இல்லாமல் ஆள் அனுப்பினான், அவன் கையை நீட்டினான், நான் நாயை நீட்டினேன் என்று. இப்போது அந்தக் கையைத் தேடிப் பார்த்தார். நீட்டிய கை வரவில்லை. புதிதாக மழித்த மொட்டைத்தலைதான் வந்தது. மொட்டைத்தலையை அன்றே பார்த்திருந்தார். ஏன் என்று கேட்கத்தான் தோன்றவில்லை.

"சரிய்யா, உங்கண்ணன் எனக்குச் செஞ்சதுக்கு நாயை விட்டது தப்பா?" என்றார். "ஊர் பாக்க என் தொப்பியப் பிடுங்குனானே?"

"அன்னைக்குக் கூட்டத்துல எத்தன பேரு மடியில கல்லு வச்சிருந்தான்னு தெரியுமா உங்களுக்கு? தொப்பியோட வுட்டிருந்தா மண்டைய ஒடச்சிருப்பானுங்க. ஒரு சிரிப்போட போவட்டும்னுதான் அண்ணன் முந்திக்கிட்டுப் பிடுங்குச்சு. சாவுற வரைக்கும் சொல்லிச் சொல்லி மாஞ்சுது."

"பொய்."

"பொய்யின்னே வச்சுக்கங்க. கேக்குறதுக்கு அண்ணனும் இல்ல, அண்ணியும் இல்ல."

சுப்ராயன் மட்டும் அந்தப் பெஞ்சில் இருந்திருந்தால் கழுத்தைப் பிடித்து உலுக்கி உண்மையை வாங்கியிருப்பார். இப்படியா செத்துத் தொலைவது? சண்டையை எடுத்துக்கொண்டே போய்விட்டான். கூட்டத்தில் கல் இருந்ததா? சிரிப்புத்தான் ஞாபகம் இருந்தது. கைகளை அவர் பார்க்கவேயில்லை.

"பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்" என்றார் நடராசன். "காரைக்கால் போயி வெள்ளை வாங்கியாறதுன்னா நேரமாயிடும். வூட்டுல ஒரு புதுத்துணி இருக்கு, அதையே போத்திடலாங்க."

"அப்ப பொறந்த வீட்டுக் கோடி?"

நடராசன் துணியை எடுக்க உள்ளே திரும்பினார், காத்தமுத்து வழியை மறித்தார்.

"அதெல்லாம் முடியாது. செகப்பையே போத்து. ஊர் வழக்கம் என்ன வேணா சொல்லட்டும். அவ என் தங்கச்சி. நான் பாக்கும்போது அவ குங்குமம் வச்சிருந்தா."

லோகாம்பாள் அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போன தீவாளிக்கு நான் ஒரு கலர் பொடவ எடுத்துக் குடுத்தேன் மாமா. கையால தொடல. அப்பாவோட போச்சுடின்னுடுச்சு. அதுக்கு மேல உங்க இஷ்டம்."

காத்தமுத்து எதையாவது எட்டி உதைக்க வேண்டும் போல் நின்றார். உதைக்க எதுவும் இல்லை. காசியம்மாவிடமிருந்து பையைப் பிடுங்கினார். போய்விடப் போகிறார் என்று நினைத்து லோகாம்பாள் குறுக்கே வந்தாள். அவர் உள்ளே கையை விட்டு வேட்டியை எடுத்தார். கடைக்காரன் சுற்றிய காகிதம்கூடப் பிரியவில்லை.

"இது வெள்ளைதானே?" என்றார். "புதுசுதானே?"

காசியம்மா புருஷனைப் பார்த்தாள். நடராசன் சரி என்று தலையசைத்தார்.

காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மண்டியிட்டார். முட்டி வலித்தது. எட்டு முழத்தையும் பிரித்துத் தங்கையின் கால் விரல்களிலிருந்து கழுத்துவரை போர்த்தினார். சுப்ராயனுக்கென்று பார்த்துப் பார்த்து எடுத்த வேட்டி. கஞ்சி மொடமொடப்பில் மடிப்புகள் தூக்கிக்கொண்டு நின்றன. அவற்றை உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் படிய வைத்தார்.

ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. இத்தனை வருடமும் பழக்கி வைத்திருந்தது ஒரே ஒரு வாக்கியம். அதில் முன்பாதி உதவவில்லை.

"என் கையால இத வாங்கிக்க" என்றார்.

மேளம் ஓங்கியது. பாடையைத் தூக்க ஆட்கள் குனிந்தார்கள். சிவப்புப் புடவையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் லோகாம்பாள் நின்றாள். காத்தமுத்து எழுந்து விறைப்பாக நின்றார். செத்தவர் முன்னால் தொப்பியைக் கழற்றுவது பட்டாளத்துப் பழக்கம். கை தானாகத் தலைக்குப் போனது. வழுக்கையைத் தொட்டதும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு கீழே இறங்கியது.