ஜெரோம் வாங்கிய கெப்பாசிட்டர்

ஜெரோமின் வேனில் பாட்டு அதிரும்போதெல்லாம் முன்விளக்கு கண்ணை மூடி மூடித் திறக்கும். நத்தம் ரோட்டில் எதிரே வந்த லாரிக்காரன் ஒருவன், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வண்டியை ஓரங்கட்டியே விட்டான். வேனை வாடகைக்குப் பிடித்து உள்ளே உட்கார்ந்திருந்த பொன்னுத்துரைக்கு அவமானமாகப் போயிற்று.

"ஏப்பா, வெள்ளிக்கிழம மகளுக்குப் பரிசம். அன்னைக்கும் இப்பிடி மினுக்குச்சுன்னா, கல்யாணத்துக்கு வேற வண்டிதான் பாப்பேன்."

கல்யாணம் என்றால் மூன்று நாள் ஓட்டம். அதைக் கைவிட ஜெரோமுக்கு மனசில்லை. பாட்டை நிறுத்தவும் மனசில்லை. அதற்காகத்தானே இளவட்டங்கள் அவன் வண்டியைத் தேடி வருகிறார்கள். திண்டுக்கல்லில் கார் செட்டு விற்கும் கடைக்குப் போய், பாட்டு அதிர்ந்தாலும் விளக்கு மினுக்காமல் காக்குமென்று ஒரு கெப்பாசிட்டர் வாங்கி வந்தான். சொம்பு உயரம், வெள்ளிப் பளபளப்பு, நெற்றியில் வோல்ட் காட்டும் நீல எண். எலெக்ட்ரீசியன் சுருளிவேல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"அப்பு, ஒன் பேட்டரி கெழடு. டைனமோ அதுக்கும் மேல. இது ஒரு மடக்குத் தண்ணி பிடிச்சு வைக்கிற டம்ளர். கொழாயிலயே தண்ணி வரலைன்னா டம்ளர் என்னத்தப் பண்ணும்?"

"அழகா இருக்குல்லண்ணே."

"அழகுக்கு என்ன கொறச்சல்."

சீட்டுக்கு அடியில் ஒளிக்க மனம் வராமல், டேஷ்போர்டு நடுவிலேயே பொருத்தச் சொன்னான்.

வத்தலக்குண்டில் பரிசம் முடித்துத் திரும்பும்போது இருட்டிவிட்டது. கார்த்திகைத் தூறல். முன்சீட்டில் பொன்னுத்துரை அசந்து தூங்கினார். இளவட்டங்கள் நச்சரிக்க, ஜெரோம் பாட்டைப் போட்டான். விளக்கு பழையபடியே மினுக்கியது. பொன்னுத்துரை விழிக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தான்.

பின்னாலிருந்து பொன்னுத்துரையின் அக்கா மூக்காயி ஒரு சத்தம் போட்டார்.

"ஏலே, ஏசியப் பன்னெண்டுல வச்சிருக்கியே, பச்சப்புள்ள இருக்கது தெரியல?"

அந்த வேனில் ஏசியே கிடையாது. ஆனால் எல்லோரும் நீல எண்ணைப் பார்த்தார்கள். பார்த்ததும் எல்லோருக்கும் குளிரெடுத்தது. ஜன்னல்களை அடைத்தார்கள். பாட்டில் டம்மென்று ஓர் அடி விழ, எண் பதினொன்றுக்கு இறங்கியது.

"பாத்தியா! பாட்டு அடிக்க அடிக்க ஏசி கூடுது. அமத்துப்பா அத!"

ஜெரோம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். முன்னால் மினுக்கும் விளக்கைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டு பாட்டை நிறுத்தினான். எண் மெல்லப் பதிமூன்றுக்கு ஏறியது.

"இப்பத்தான் இதமா இருக்கு" என்றார் மூக்காயி, முந்தானையால் வேர்வையைத் துடைத்துக்கொண்டே.

பாட்டு நின்றபின் இந்தப் பேச்சில் விழித்த பொன்னுத்துரை அதன்பின் வீடு வரைக்கும் ரோட்டையே பார்த்து வந்தார். இறங்கியதும் விளக்கைத் தட்டிக் கொடுத்தார்.

"ஒரு மினுக்கு இல்லையேப்பா! கல்யாணத்துக்கும் நீயே வந்துரு. ஆனா ஏசி மட்டும் போட்றாத. மாப்ள வீட்டுக்காரக சளி பிடிச்ச ஆளுக."

"சத்தியமா போட மாட்டேங்கய்யா" என்றான் ஜெரோம்.