பேசாத எழுத்து

குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதை ஆயிற்று கஸ்தூரிக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் திருவண்ணாமலையில் புதிதாகத் திறந்த ஒரு பள்ளிக்கு ஆசிரியை வேலை கேட்டுப் போனவளை, ஆங்கிலப் பக்கம் ஒன்றை உரக்க வாசிக்கச் சொன்னார்கள். 'நைஃப்' என்பதை, ஒலிக்காத முன்னெழுத்து 'கே'யையும் விடாமல் 'க்நைஃப்' என்றாள். மேசைக்கு அப்பால் சிரிப்பு எழுந்தது. அதன்பின் தெரிந்த சொற்களும் தொண்டையில் ஒட்டிக்கொண்டன. தமிழிலும் கணக்கிலும் தேறியிருந்ததால், வெள்ளிக்கிழமை மறுபடி வாசித்துக் காட்டட்டும் என்றார்கள்.

வியாழன் மாலை, அடி அண்ணாமலைக் கிராமத்து முதியோர் கல்வி வகுப்பில் அவள் நடத்திய பாடம், சோளக்கொல்லைப் பொம்மைக்கு அஞ்சிப் பட்டினி கிடந்த காகத்தின் கதை. வேர்க்கடலை உடைக்கும் எல்லம்மாள் எழுந்து, வரியின்கீழ் விரல் வைத்து, "கா...க்கம்" என்றாள்.

"காக்காவுக்கு விக்கலா, எல்லம்மா?" என்றாள் ஜோதியம்மாள். வகுப்பே சிரித்தது.

"ரெண்டாவது 'க'வை மெதுவா சொல்லணும்க்கா," என்றாள் கஸ்தூரி.

"ரெண்டும் ஒரே எழுத்துதானே, டீச்சரம்மா? எடத்துக்கு எடம் மாத்திப் பேசறது அது. வெக்கம் மட்டும் எனக்கா? நீ கம்முனு கேளு, ஜோதி."

எல்லம்மாள் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினாள். காகம் துணிந்து பொம்மையின் தலைமேல் அமரும்வரை வாசித்துவிட்டே உட்கார்ந்தாள்.

கஸ்தூரி வியந்து நின்றாள். ஒரே 'க'வை இரண்டு விதமாக ஒலிக்க அவள் என்றுமே அஞ்சியதில்லை. 'நைஃப்'புக்கு முன்னால் நிற்கும் எழுத்தோ வாயே திறப்பதில்லை, நின்றபடியே மிரட்டுகிறது. அதுவும் கொல்லைப் பொம்மைதான்.

வெள்ளிக்கிழமை, அதே மேசை. 'நைஃப்' வந்தது, கடந்தாள். அடுத்து 'ஐலண்ட்'. "ஐஸ்லண்ட்" என்று வாய் தவறியது. யாரோ கனைத்தார். எழுத்துக் கூட்டத்தின் நடுவே 'எஸ்' இன்னொரு பொம்மையாக நிற்பதைக் கண்டுகொண்டாள். வரியின்கீழ் விரலை வைத்தாள்.

"மறுபடி படிக்கறேங்க."

முதல் வரியிலிருந்து கடைசிப் புள்ளிவரை, நிமிர்ந்த குரலில் வாசித்தாள்.

"தப்பு விட்டப்போ பயம் வரலையாம்மா?" என்றார் தலைமை ஆசிரியை.

"வந்துதுங்க. பசங்களுக்கும் வரும். மறுபடி எப்படிப் படிக்கறதுன்னு அவங்களுக்குக் காட்ட ஒரு டீச்சர் வேணும்ங்களே."

அம்மையார் புத்தகத்தை மூடினார். "திங்கட்கிழமை வந்துடுங்க."

அன்று மாலை வகுப்பு வாசலிலேயே மறித்தாள் எல்லம்மாள். "வேல விஷயம் இன்னாம்மா ஆச்சு?"

"பொம்மை தலைமேல உட்கார்ந்துட்டேன்க்கா."

"நான் படிச்சுக் காட்டின பாடமாச்சே," என்று ஜோதியம்மாளைப் பார்த்துத் தலையை நிமிர்த்தினாள் எல்லம்மாள்.