தலைகீழாக மாட்டிய கேபிள்

பின்சக்கரத்தின் கடைசிக் கம்பியை முறுக்கிவிட்டு, ரிம்மைச் சுற்றவிட்டுக் கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இஞ்சினியர் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். கம்பெனியின் ஐம்பது ஆண்டு வரலாறு. வழவழப்பான தாள், தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும் கனம். அட்டையில் அந்தப் பழைய படம்: மலைப் பந்தயத்தின் முடிவுக்கோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள், அதன்மேல் உச்சி முதல் உள்ளங்கால் வரை சேறு அப்பிய ஒருவன். ஹெல்மெட்டும் கண்ணாடியும் சேறும் போக முகம் என்று ஒன்றும் மிச்சமில்லை. கையைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தேன். 'நமது நிறுவனர் தம் கைகளாலேயே உருவாக்கி, தாமே ஓட்டி, மூன்று நாள் மலைப் பந்தயத்தில் வாகை சூடிய முதல் வண்டி' என்று போட்டிருந்தது. முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தச் சேற்றை அன்று சாயங்காலம் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டவள் நான். சேற்றுக்கு அடியில் இருந்தது என் அண்ணன்.

"நல்லா வந்திருக்குல்லம்மா?" என்றார் இஞ்சினியர். முப்பத்தைந்து வயதிருக்கும். வேலை தெரிந்த மனிதர், பாவம், எதையும் நம்புகிறவர்.

"பிரமாதமா வந்திருக்கு. படிச்சா, அன்னைக்கு நானே அங்க இருந்தேனான்னு எனக்கே சந்தேகமாயிடுச்சு."

அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

ஆரம்பத்தில் மூன்றே பேர். தகரக் கொட்டகை, இப்போது நிறுவனர் என்று போட்டுக்கொள்ளும் கோப்பையாருடைய அப்பாவுடையது. குழாயை வளைத்ததும் பற்றவைத்ததும் இஞ்சினைப் பிரித்துப் பூட்டியதும் அண்ணன். சக்கரம் கட்டியது நான். கோப்பையார் ஆட்களைப் பார்த்துப் பேசுவார். நன்றாகப் பேசுவார், அதில் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு விற்ற வண்டிகள் எல்லாம் தார்ரோட்டுக்கானவை, கல்லும் மண்ணும் கண்டால் இரண்டாய் முறிந்துவிடும். அண்ணன் எடையைக் குறைத்தான், ஸ்பிரிங்கை நீட்டினான், ஓடையில் இறங்கினாலும் தண்ணீர் ஏறாதபடி சைலன்சரை மேலே தூக்கி வைத்தான். முதல் வருடமே ஜெயித்தான். அதற்குப் பிறகு ஆறு வருடம், வரிசையாக. கொட்டகை தொழிற்சாலையானது, ஒன்று மூன்றானது, வண்டிகள் கப்பலேறின. ஒவ்வொரு வருடமும் அண்ணன் உடம்பைக் கழுவிக்கொண்டிருக்கும் நேரத்தில் மேடையேறிக் கோப்பையை வாங்கியவர் அவர்தான். அதனால் தொழிலாளர்கள் வைத்த பெயர் கோப்பையார். அவர் காதுபடவே சொல்வார்கள், மரியாதை என்று நினைத்துக்கொள்வார்.

பொய் ஒரே நாளில் வரவில்லை. பத்தாவது ஆண்டு மலரில் 'நண்பர்களின் கூட்டு முயற்சி' என்று இருந்தது. இருபத்தைந்தாவது ஆண்டில் 'நிறுவனரின் வழிகாட்டுதலில்' ஆனது. இப்போது தாமே செய்து, தாமே ஓட்டிவிட்டார். இன்னும் கொஞ்ச வருடம் உயிரோடு இருந்தால் அந்த மலையையும் தாமே குவித்ததாகச் சொல்வார். படத்தில் முகம் தெரியாமல் போனது அவருக்கு எவ்வளவு வசதி!

பன்னிரண்டாவது வருடம் மெல்லிய குழாய் வாங்கிவந்து இதில் வண்டிக்குச் சட்டகம் செய் என்றார்கள். இதில் ஏறுகிறவன் இறங்க மாட்டான், செய்ய முடியாது என்று அண்ணன் சொன்னான். மறுநாள் காலை வாசலில் காவலாளி பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு, உங்கள் பெயர் இல்லை என்றான். எனக்கு ஐந்து நிமிடத்தில் செய்தி வந்துவிட்டது. நான் உள்ளே சக்கரம் கட்டிக்கொண்டிருந்தேன். எழுந்து வெளியே போகவில்லை. வீட்டில் அம்மா படுக்கையில் கிடந்தாள், ஒரு சம்பளமாவது வர வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு இருபத்தேழு வருடம் அதே நாற்காலியில் இருந்தேன். கோப்பையார் மேல் எனக்கு இருந்த ஆத்திரத்தில் பாதி என்மேல் இருந்தது. அதையும் சேர்த்து அவர் கணக்கிலேயே போட்டு வைத்திருந்தேன்.

இரண்டு வருடம் முன்பு அண்ணனுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்தது. பேச்சும் போயிற்று. ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பான். போகிற வண்டிகளில் பத்துக்கு இரண்டு எங்கள் கம்பெனியுடையதாக இருக்கும், டேங்கில் சேறு பூசிய அந்த உருவம் சின்னமாக ஒட்டியிருக்கும். தன் படம் தன்னைக் கடந்து போவதை அவன் எப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறானோ. என்னால் முடியாது. அந்த நேரங்களில் நான் சமையலறைக்குப் போய்விடுவேன்.

கம்பெனியில் இப்போது கம்பி கோப்பது இயந்திரம். அந்தக் காலத்துச் சக்கர ஹப்புக்குக் கையால் கோக்க ஆள் இல்லை என்று, ஓய்வுபெற்றிருந்த என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். விழாவில் கோப்பையார் முதல் வண்டியைக் கிளப்பி, கூட்டத்தின் நடுவே ஒரு சுற்று ஓட்டப்போகிறாராம். வண்டி ஜெயித்த அன்று எப்படி இருந்ததோ, இம்மி பிசகாமல் அப்படியே இருக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. அதைக் கேட்ட நிமிடமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வருகிறேன் என்றேன்.

அந்த வண்டியின் இடது கைப்பிடியருகே கட்டைவிரல் நீளத்தில் ஒரு லீவர் உண்டு. இஞ்சினுக்குள் தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதை முன்னே பின்னே நகர்த்துவது அதுதான். ஓடும்போது பொறி முந்தி விழுந்தால் வேகம். உதைத்துக் கிளப்பும்போது பிந்தி விழ வேண்டும். அப்போது முந்திக்கொண்டால் இஞ்சின் எதிர்ப்பக்கம் சுற்றும், கிக்கர் உதைத்தவன் காலையே திருப்பி அடிக்கும். கணுக்கால் போகும், வயதானவர் என்றால் முழங்காலும் சேர்ந்து. அந்தக் காலத்து வண்டிகளில் லீவரை முன்னால் தள்ளிவிட்டு உதைப்பார்கள். இந்த ஒரு வண்டியில் மட்டும் பின்னால் இழுக்க வேண்டும். பந்தயத்தன்று காலையில் பழைய கேபிள் அறுந்து, அவசரத்தில் புதியதை அண்ணன் தலைகீழாக மாட்டிவிட்டான். கொடி அசைய இருபது நிமிடம்தான் இருந்தது. 'உனக்கும் எனக்கும் தெரிஞ்சாப் போதும், இப்படியே இருக்கட்டும்' என்றான். ஜெயித்த வண்டியில் கைவைக்கக் கூடாது என்பது பந்தயக்காரர்களின் நம்பிக்கை. ஆகவே ஏழு வருடமும் அப்படியே இருந்தது, அவன் ஒருவன்தான் கிளப்புவான். கோப்பையார் அதன்மேல் ஏறியதெல்லாம் படம் எடுக்க, இஞ்சின் அணைந்திருக்கும்போது.

இஞ்சினியருக்குக் கண் கூர்மை. மூன்றாம் நாளே பிடித்துவிட்டார்.

"அம்மா, இந்தக் கேபிள் மாத்தி மாட்டியிருக்கே. சரி பண்ணிடவா?"

"ஜெயிச்ச அன்னைக்கு இப்படித்தான் இருந்துச்சு. எதுக்கும் உங்க முதலாளியை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

கேட்கப் போனவர் அரைமணி நேரத்தில் திரும்பினார். முகம் கொஞ்சம் சுருங்கியிருந்தது. "ஒத்திகை பார்த்துக்கலாமா சார், ஒரு விஷயம் சொல்லணும்னு ஆரம்பிச்சேன். முடிக்கவே விடல. 'நான் பெத்த வண்டிப்பா அது, எனக்கே பாடம் எடுக்குறியா? எதையும் தொடாத'ன்னு அனுப்பிட்டாரு."

"அப்புறம் என்ன? அவருக்குத் தெரியாததா?" என்றேன்.

இஞ்சினியர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நானே கிளப்பிப் பார்த்தேன். லீவரைப் பின்னால் இழுத்து, கிக்கர் இறுகும் இடத்தைக் காலால் தேடி, உடம்பின் பாரத்தை அப்படியே இறக்கினேன். இரண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது. கொட்டகையே அதிர்ந்தது. இஞ்சினியர் கையில் சோற்றுப் பருக்கையோடு ஓடிவந்து, எப்படிக் கிளப்பினீர்கள் என்று கேட்டார். "முதலாளி கிளப்புவார், பாருங்க" என்று அணைத்துவிட்டேன். கோப்பையார் கால் முறிய வேண்டும் என்று நினைத்தேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை. எல்லார் முன்னாலும், அந்தப் புத்தகம் அடுக்கி வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்திலேயே விழ வேண்டும். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஒரு திருகாணியைக்கூட மாற்றவில்லை. அவர் கேட்டதைத்தான் கொடுக்கிறேன்.

அன்று வீட்டில் அண்ணனுக்குச் சோறு ஊட்டும்போது சொன்னேன். "கேபிள் அப்படியேதான் இருக்குண்ணே. அவருதான் கிளப்பப் போறாரு." அவன் மெல்லுவதை நிறுத்தினான். என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அதைச் சம்மதம் என்று வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

விழாவுக்கு அவனைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போனேன். முதல் வரிசையின் ஓரத்தில் இடம் கிடைத்தது. தொழிற்சாலை முற்றத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள். வண்டிக்குப் பின்னால் சுவர் உயரத்துக்கு ஒரு திரை, கேமரா பார்ப்பதெல்லாம் அதில் தெரிந்தது. கோப்பையார் புதுத் தோல் ஜாக்கெட்டில் வந்தார். எழுபத்தைந்து வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எங்களைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கி, பிறகு நேராக வந்து அண்ணன் தோளைத் தட்டினார். "என்னடா, எப்படி இருக்க?" என்று கேட்டுவிட்டு, பதில் வராது என்று தெரிந்ததும் மைக்கை வாயருகே கொண்டுபோனார். "இவங்கல்லாம் அந்தக் காலத்துல எனக்குக் கூடமாட ஒத்தாசையா இருந்தவங்க. கை தட்டுங்க!"

தட்டினார்கள். என் காது இரண்டும் கொதித்தன. இனி எனக்கு ஒரு குற்ற உணர்வும் இல்லை என்று தோன்றியது.

அவர் ஏறி உட்கார்ந்தார். தயாரா என்று கூட்டத்தைக் கேட்டார். ஆயிரம் பேரும் கத்தினார்கள். பெட்ரோலைத் திறந்தார். இடது கட்டைவிரலால் லீவரை முன்னால் தள்ளினார், முழுக்க, அது முட்டி நிற்கும்வரை. என் பக்கத்தில் நின்ற இஞ்சினியர் அதைப் பார்த்துவிட்டார். "அம்மா..." என்று என் பக்கம் திரும்பினார். நான் திரும்பவில்லை. கோப்பையார் கிக்கரைக் காலால் வெளியே இழுத்து, பளபளக்கும் ஷூவை அதன்மேல் வைத்து எழும்பினார்.

அப்போதுதான் அண்ணனின் இடது கை மடியிலிருந்து மேலே போனது. விரல்களை மடக்கி ஒரு கைப்பிடியைப் பிடிப்பதுபோல் வைத்துக்கொண்டு, கட்டைவிரலை மட்டும் பின்னால் இழுத்துக் காட்டினான். மறுபடியும் ஒருமுறை.

"அண்ணே, வேணாம். விடுண்ணே." அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். கீழே இறக்குவது ஒன்றும் கஷ்டமில்லை, எடையே இல்லாத கை அது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோப்பையார்மேல் இரக்கமோ மன்னிப்போ அந்தக் கண்ணில் எனக்குத் தெரியவில்லை. அந்த நாளில் யாராவது வண்டியைக் கன்னாபின்னாவென்று உதைத்தால் வருமே ஒரு எரிச்சல், அதுதான் இருந்தது. நான் கையை எடுத்துவிட்டேன்.

கோப்பையார் பார்த்துவிட்டார். எழும்பிய உடம்பு அப்படியே நின்றது. அந்தச் சைகைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குப் புரியாமல் போக வாய்ப்பில்லை. அண்ணன் ஒன்றைச் சும்மா காட்ட மாட்டான் என்று இந்த உலகத்தில் எனக்கு அடுத்தபடி தெரிந்தவர் அவர்தான். உதைத்தால் கால் போகும். லீவரைப் பின்னால் இழுத்தால், யார் சொல்லி இழுத்தார் என்பதை ஆயிரம் பேர் பார்ப்பார்கள். அவர் பார்வை போன பக்கம் முன்வரிசை திரும்பியது. பிறகு கேமராவும் திரும்பியது.

கூட்டத்தின் சத்தம் மெல்ல அடங்கியது. கோப்பையாரின் ஷூ கிக்கர்மேலேயே இருந்தது. அவர் கட்டைவிரல் லீவரைத் தொட்டபடி இருந்தது. அவருக்குப் பின்னால், சுவர் உயரத் திரையில், நகத்தடியில் இன்னும் கறுப்பு போகாத என் அண்ணனின் கட்டைவிரல், முதல்முறை வண்டி கற்றுக்கொள்கிறவனுக்குக் காட்டுவதுபோல், மெதுவாகப் பின்னால் மடங்கியது.