ஓநாய்க் கொட்டடியில் வெறுங்கால்

ஓநாய்களோடு வேலை செய்ய நான் செய்த ஏற்பாடுகளுக்குக் குறைச்சலே இல்லை. விலங்கியல் மூன்று வருடம், வனவிலங்குப் படிப்பு இரண்டு வருடம். பைக் ஓட்டப் பழகினேன், முதலுதவி கற்றேன், மரத்தில் கேமரா கட்டவும் தெரியும். பயத்துக்கு மட்டும் ஒன்றும் செய்யவில்லை. ஒன்பது வயதில் கோவளம் பஸ் ஸ்டாண்டில் ஒரு நாய் தொடையைக் கடித்துவிட்டது. அதிலிருந்து கோரைப்பல்லைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்வேன். அப்புறம் ஏன்டி ஓநாய் என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். பிடித்துத் தொலைத்துவிட்டதே, என்ன செய்ய!

செங்கல்பட்டுக்கு அருகே ஒரு விலங்குக் காப்பகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது அதிகாரி ஜெயப்பிரியா, "பயம் உண்டா, சிநேகா?" என்று கேட்டார்.

"துளிகூட இல்ல மேடம்."

ஒரு மாதம் முடித்துச் சான்றிதழ் வாங்கினால் ஓநாய்க் கணக்கெடுப்பில் வேலை நிச்சயம். இருபத்தெட்டு நாளை அந்தப் பொய்யிலேயே ஓட்டிவிட்டேன்.

இருபத்தொன்பதாம் நாள் ஆயுத பூஜை. கொட்டடிக்குள் போக இரண்டு கதவுகள், நடுவில் குறுகலான நடை. வெளிக்கதவைத் தள்ளி மூடிய பிறகுதான் உள்கதவைத் திறக்கவேண்டும். காப்பாளர் மோகன் அண்ணன் இரண்டுக்கும் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார். அவர் சங்கிலியை இழுத்துப் பின்பக்க அடைப்பைத் தூக்கி ஓநாய்களை முற்றத்துக்கு விட்டார். சுவரில் இருந்த துவாரத்தில் பார்த்து ஐந்தையும் எண்ணுவது என் வேலை.

மூன்று போயின. நான்காவது நின்று நேராக என்னைப் பார்த்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"இன்னா, அஞ்சும் பூடுச்சா?"

"போயிடுச்சுண்ணா."

அடைப்பை இறக்கிவிட்டு அவர் வெளியே நின்ற ஜீப்புக்குப் பூசணிக்காய் உடைக்கப் போனார். அங்கே ஊழியர் வீட்டுப் பிள்ளைகள் பொரிக்காகக் கூடிக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே பெருக்க விளக்குமாற்றோடு வெளிக்கதவுக்கு வந்தேன். சந்தனம் வைத்த வாசல் அல்லவா, கால் தானாக ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிட்டது. எங்கள் ஊர் படூரில் சர்ச்சுக்குள்ளும் செருப்போடு போகமாட்டோம். உள்ளே போய்க் கதவைத் தள்ளினேன். மூடிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

உள்கதவைத் திறந்து இரண்டடி வைத்ததும் மூலையில் பூங்கொடி எழுந்து நின்றாள். கூட்டத்திலேயே பெரிய ஓநாய். கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அவள் என்னை உரசிக்கொண்டு நடைக்குள் பாய்ந்தாள். அப்போதுதான் பார்த்தேன். என் பூட்ஸ் ஒன்று கதவு ஓடும் தண்டவாளத்தில் சிக்கி, வெளிக்கதவு ஒரு சாண் திறந்திருந்தது. இடுக்கில் அவள் மூக்கு. அந்தப் பக்கம் பிள்ளைகள்.

உள்கதவைச் சாத்திக்கொண்டால் நான் பிழைத்தேன். கை கதவுவரை போயும்விட்டது. சத்தியமாகப் போனது.

ஆனால் கால் நடையில் இறங்கியது. முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி அவள் பக்கமாக நகர்ந்தேன். நான் நெருங்க நெருங்க அவள் எதிர்ச்சுவரோடு ஒடுங்கினாள். வாலைக் கவட்டுக்குள் இடுக்கிக்கொண்டு அங்கேயே மூத்திரம் பெய்தாள். பிறகு என்னைக் கடந்து கொட்டடிக்குள் ஓடினாள். நான் உள்கதவில் விழுந்து தாழ்ப்பாளைப் போட்டேன்.

பொரியோடு வந்த மோகன் அண்ணன் துவாரத்தில் பார்த்துவிட்டுத் திரும்பினார். "அஞ்சும் பூடுச்சின்னியே? இங்க ஒண்ணு கீதே?"

போனதில் ஒன்று திரும்பி வந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"எண்ணலண்ணா. பயத்துல கண்ண மூடிக்கினேன்."

ஜெயப்பிரியா மேடம் நீளமாகத் திட்டவில்லை. "சான்றிதழ் இல்ல. வேணும்னா நாளைலேந்து மறுபடி முதல் நாள்" என்றார். மின்சார ரயில், பஸ் என்று வீடு சேரும்வரை அழுதேன்.

மறுநாள் காலை பூட்ஸோடு துவாரத்தில் கண்ணை வைத்தேன். சங்கிலி இழுபட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. அடுத்தது நின்று என்னைப் பார்த்தது. கண்ணில் நீர் வழிந்தது, மூடவில்லை. அது போனது. பிறகு எதுவும் வரவில்லை.

"இன்னா, அஞ்சா?"

"நாலுதான்ணா!" என்று அலறினேன். "பூங்கொடி உள்ள கீது. கதவத் தொடாத!"