கோலுக்குப் பின்னால் வரும் சத்தம்

எங்கள் ஓபரா அரங்கில் வாத்தியக்காரர்கள் அறுபத்திரண்டு பேர். நான் ஹார்ன் என்ற பித்தளைக் குழலை ஊதுகிறவன். எதிரே நின்று எங்களை வழிநடத்தும் நடத்துநரின் கோல் கீழே இறங்கிய பிறகுதான் எங்கள் சத்தம் எழும். கண்ணிமைக்கும் நேரம் பிந்தித்தான். ஜெர்மனியில் பல ஊர்களில் அப்படி, எங்கள் ஊரில் கொஞ்சம் கூடுதல். புதிதாக வருகிறவர் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தால் தொலைந்தார். அவர் எங்களுக்காகக் காத்திருப்பார், நாங்கள் அவருக்காகக் காத்திருப்போம், பாட்டு மாட்டுவண்டியாகிவிடும். இதை யாருக்கும் சொல்லித் தர மாட்டோம். அதில் ஓர் அற்ப சந்தோஷம்.

வீப்கே ஹார்ம்சன் அப்படித்தான் தொலைந்தாள். பாடகர்களுக்குப் பியானோ வாசித்துப் பயிற்சி தருவது அவள் வேலை. நான்கு வருடத்துக்கு முன் நடத்துநர் வேலைக்கான சோதனையில் முதல் தடவையாகக் கோலைப் பிடித்தாள். முதல் அங்கம் பத்து நிமிடம் கூடுதலாக இழுத்தது, பாடகிக்கு மூச்சு முட்டியது. எங்கள் ஓட்டு இல்லாமல் யாரும் நடத்துநராக முடியாது. எதிராக நாற்பத்தெட்டு; அதில் என்னுடையதும் ஒன்று.

ஊரைவிட்டே போய்விடுவாள் என்று நினைத்தோம். போகவில்லை. வேலை முடிந்த மாலைகளில், மேடைக்கு முன்னால் நாங்கள் உட்காரும் குழிக்குள் வந்து, முரசுக்காரர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

இந்த மார்ச்சில் நடத்துநர் இடம் காலியானது. விண்ணப்பித்தவர்கள் ஆளுக்கொரு மாலை, ஒத்திகையே இல்லாமல், ஓடிக்கொண்டிருக்கும் ஓபராவை நடத்திக் காட்ட வேண்டும். வீப்கேவும் மனு போட்டாள். இதிலும் தோற்றால் கடைசிவரை பியானோதான்.

முதல் வயலின்காரர் ஓல்ட்மன்ஸ் சும்மா இருப்பாரா? அவள் முறை வந்த மாலையில் வேண்டுமென்றே இன்னும் பிந்தி வாசித்தார். நாங்களும் அவர் பின்னாலேயே போனோம்.

கோல் இறங்கியது. சத்தம் வரவில்லை. அவள் நிற்கவில்லை, அடுத்த அடிக்குப் போய்விட்டாள், அதற்கடுத்ததற்கும். பாடகியின் உதட்டைப் பார்த்தாளே தவிர எங்கள் பக்கம் திரும்பவில்லை. நான்கு வரி நாறிப்போனது. மானம் போகிறதே என்று எனக்கு வியர்த்தது. அவளுக்கும் நெற்றியெல்லாம் வியர்வை. கை மட்டும் தளரவில்லை. கடைசியில் நாங்கள்தான் ஓடிப்போய்ப் பிடித்தோம்.

இடைவேளையில் ஓல்ட்மன்ஸ் கேண்டீனில் அவளை மறித்தார்.

"என்னம்மா, எங்களுக்காகக் கொஞ்சம் நிக்கக் கூடாதா?"

"போன தடவை நின்னேன். நாலு வருஷம் பியானோல உட்கார வெச்சீங்க."

"ஓட்டு எங்க கையில இருக்கு."

"தெரியும். கோல் என் கையில இருக்கு. அடுத்த அங்கமும் இதே வேகந்தான்."

சொல்லிவிட்டு பிரெட்செல் ரொட்டியைக் கடித்துக்கொண்டே போய்விட்டாள். அடுத்த அங்கம் பறந்தது. அந்தப் பாடகி அப்படிப் பாடி நான் கேட்டதே இல்லை.

மறுநாள் ஓட்டு. ஆதரவு முப்பத்திரண்டு, எதிர்ப்பு முப்பது. செய்தி சொல்ல நானே பியானோ அறைக்குப் போனேன். போன தடவை எதிராகப் போட்டதையும் இந்தத் தடவை மாற்றிப் போட்டதையும் வெட்கத்தோடு சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"ரொம்ப நன்றி, ஹின்னர்க் சார். ஆனா நேத்து கடைசி வரைக்கும் எல்லாரையும்விடப் பிந்தி வந்தது உங்க ஹார்ன்தான். நாளைலேருந்து மூச்சை முன்னாலயே எடுத்துடுங்க."

முப்பது வருடத்தில் எந்த நடத்துநரும் என்னிடம் இதைச் சொன்னதில்லை.

"சரிங்க மேடம்" என்றேன்.