யார் நம்பரைப் போடட்டும்?

"அந்த ஓரத்துல இருக்கறதையும் சேர்த்து எடுத்துக்கோங்க" என்றாள் சின்னவள், வாசலில் வந்து நின்ற ஆளிடம். அவரும் மறுபேச்சுப் பேசாமல் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு இப்போதுதான் வீடு திரும்பியிருந்தார்கள். வாடகை நாற்காலிக்காரர் இவ்வளவு சீக்கிரம் வந்ததில் அவளுக்கு நிம்மதி. இதெல்லாம் போய்த் தொலைந்தால் தரையிலாவது கொஞ்சம் சாயலாம்.

பாதி அடுக்கிய பிறகுதான் அவர் தொண்டையைச் செருமினார். "மேடம், நான் நாற்காலிக்கு வரலைங்க. அலாரம் மாட்ட வந்தேன். ஐயா வரச் சொல்லியிருந்தாரு."

"எந்த ஐயா?"

கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வாசல் சுவரில் ஏணி சாய்ந்திருந்தது. நாற்காலி எடுக்க வருகிறவர் ஏணியோடு எதற்கு வரப்போகிறார்?

அடுத்த வீட்டில் திருட்டுப் போனதிலிருந்து அப்பாவுக்கு இதே பேச்சுதான். ஒயர் வைத்த அலாரமா, ஒயர் இல்லாததா? ஒரு சட்டை எடுக்கவே நாலு கடை ஏறி இறங்குகிற மனுஷர், வந்தவர் போனவர் எல்லாரிடமும் கருத்துக் கேட்டார். பால் போடுகிறவரைக்கூட விடவில்லை. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தபோதும் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார். கடைசி ஆசை ஏதோ சொல்லப்போகிறார் என்று குனிந்தால், "ஒயர்தான் உறுதியோ?" என்றார். அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு செத்துப்போயிருந்தது.

"விஷயம் தெரியாம வந்துட்டேங்க. இன்னொரு நாள் வரேன்" என்று அலாரக்காரர் ஏணியைத் தூக்கினார்.

"இருங்க, இருங்க." உள்ளேயிருந்து பெரியவன் வந்தான். வெளியூரிலிருந்து நேற்று வந்தவன், நாளைக்குத் திரும்ப வேண்டியவன். "வந்ததும் நல்லதாப் போச்சு. அம்மா இனிமே தனியா இருக்கணும். ரெண்டுல எது தேவலைன்னு நீங்களே சொல்லுங்க."

"ஒயர் வச்சதுன்னா சுவத்துல ஓட்டை போடணுங்க. தூசி பறக்கும். ஆனா போட்டா போட்டதுதான், அசையாது. யாராவது கதவை நெம்பினா வெளியில சைரன் அடிக்கும், தெருவே எழுந்துடும். ஒயர் இல்லாததை அப்படியே ஒட்டிட்டுப் போயிடலாம். என்கிட்ட இருக்கறதுல போனுக்கும் வரும். பேட்டரிதான் அப்பப்ப மாத்தணும்."

"அப்ப ஒயர் இல்லாததே போடுங்க. நாளைக்கு வீட்டை வித்தாலும் கழட்டி எடுத்துக்கலாம்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கையிலிருந்த டம்ளரிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அலாரக்காரர்தான் அந்த இடத்தைச் சமாளித்தார். "அடிச்சா போன் யாருக்குப் போகணும்? யார் நம்பரைப் போடட்டும்?"

பெரியவன் தங்கையைப் பார்த்தான். "நீதானே பக்கத்துல இருக்க?"

பக்கத்தில்தான் இருந்தாள். அதுதான் அவள் செய்த தப்பு. அப்பா குளியலறையில் விழுந்தபோதும், மாத்திரை தீர்ந்தபோதும், டி.வி. வேலை செய்யாதபோதும் அடித்தது அவள் போன்தான். தூக்கத்திலும் கை அதைத் தேடிப் பழகியிருந்தது. அப்பா போய்விட்டார் என்று டாக்டர் சொன்னதும் முதலில் வந்தது அழுகை இல்லை. இனிமேல் போன் அடிக்காது என்கிற எண்ணம்தான். சீ, நானும் ஒரு பொண்ணா என்று அப்போதே கூசிப்போனாள். இப்போது மறுபடியும் முதலிலிருந்தா? பூனை தாண்டினால் அடிக்கும், காற்றில் கதவு ஆடினால் அடிக்கும். முடியாது என்று சொல்ல வாய்வரை வந்தது. பெற்றவளை எதிரே வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"என் நம்பரையே போட்டுக்கோங்க" என்று ஆரம்பித்தாள். மூன்று எண் சொன்னாள். அதற்குமேல் வரவில்லை. சொந்த நம்பர்! நெற்றியைத் தேய்த்துப் பார்த்தாள். ஊஹூம்.

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அவ நம்பர் வேண்டாம்."

"ஏம்மா?" என்றான் பெரியவன்.

"ஒயரே போடட்டும். வெளியில கத்தினாப் போதும். இத்தனை வீடு இருக்கு, ஒருத்தர்கூடவா எட்டிப் பார்க்க மாட்டாங்க?"

"சுவரையெல்லாம் ஒடைக்கணும்மா. நாளைக்கு..."

"ஒடைக்கட்டுமே. நான் இங்கதான் இருக்கப்போறேன். நீ ஊருக்குப் போற ஆளு, துணியை எடுத்து வை."

அலாரக்காரர் தயங்கினார். "துக்க வீட்டுல இன்னிக்கே சத்தம் வேண்டாமேம்மா?"

"இன்னிக்கே போடுங்க. விட்டா இவங்களும் அவங்கப்பா மாதிரி யோசிக்க ஆரம்பிச்சுடுவாங்க." பிறகு மகளிடம் திரும்பினாள். "நீ போய்ப் படுடி."

அப்பாவின் அறைக்குள் போக அவளுக்கு மனம் வரவில்லை. கூடத்திலேயே போர்வையை விரித்துச் சுவரோரம் சுருண்டாள். மாடி அறைக்குப் படி ஏறவும் தெம்பில்லை. தலைக்கு மேலே டிரில் மிஷின் அலறியது. கன்னத்தில் காரைத்தூள் பொலபொலவென்று விழுந்தது.

"மேடம், கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கறீங்களா?"

"அவளை எழுப்பாதீங்க. நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றது அம்மாவின் குரல், மிகப் பக்கத்தில்.

கொஞ்ச நேரத்தில் தூள் விழுவது நின்றது. டிரில் மட்டும் நிற்கவில்லை. சின்னவள் ஒரு கண்ணை லேசாகத் திறந்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு துண்டை இரண்டு கையாலும் அவள் முகத்துக்கு மேலே விரித்துப் பிடித்திருந்தாள். துண்டின் நடுவில் தூள் சேர்ந்து தொய்ந்திருந்தது.

கை வலிக்கப்போகுதும்மா என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் தூங்கிப்போனாள்.